கடற்கரையைக் கேட்டு வாங்கியவர்: விக்ரம் சாராபாய்

ராக்கெட் என்றாலே நம்ம பசங்களுக்கு அப்துல் கலாம் ஐயாதான் ஞாபகத்துக்கு வருவார். அவரை நேர்காணல் செய்து அந்த வேலைக்கு எடுத்தவர் யார் என்று கேட்டால் பாதிப் பேர் முழிப்போம். அவர்தான் விக்ரம் சாராபாய்.

1919 ஆகஸ்ட் 12இல் அகமதாபாத்தில் பிறந்தார். சமணக் குடும்பம், அப்பா அம்பாலால் பெரிய துணி மில் முதலாளி. கேம்பிரிட்ஜில் படித்துக்கொண்டிருந்தபோது உலகப் போர் வந்துவிட்டது. ஊர் திரும்பி, பெங்களூரில் சர் சி.வி. ராமனிடம் காஸ்மிக் கதிர்களை ஆராய்ந்தார். 1947இல் டாக்டர் பட்டம். அதே வருஷம் அகமதாபாத்தில் இயற்பியல் ஆய்வகத்தையும் தொடங்கிவிட்டார். வயசு 28! குடும்பத் தொழிலை மட்டும் பார்த்துக்கொண்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். ஆனால் ராக்கெட் ஒரு மில் முதலாளியின் பணத்தில் நடக்கும் காரியம் இல்லை. அணுசக்தித் துறையை நடத்திய ஹோமி பாபாவின் ஆதரவோடு 1962இல் அரசாங்கம் ஒரு விண்வெளிக் குழுவை அமைத்தது. தலைவர் சாராபாய்.

இடம் வேண்டுமே. பூமியின் காந்த நடுக்கோட்டுக்குப் பக்கத்தில், திருவனந்தபுரம் அருகே தும்பா என்ற மீனவர் ஊர் சரியாக அமைந்தது. ஆனால் அங்கே மரிய மக்தலேனா தேவாலயம் இருந்தது, சுற்றிலும் குடும்பங்கள். அரசாங்கம் நினைத்தால் ஒரு கடிதத்தில் எடுத்திருக்கலாம். சாராபாய் பிஷப் பீட்டர் பெர்னார்ட் பெரேராவை நேரில் போய்ப் பார்த்தார். பிஷப் ஞாயிறு பூசையில் சபையிடமே கேட்டார், மக்கள் சம்மதித்தார்கள். தோட்டத்துக் கோயிலை இடம் மாற்றச் சொன்னால் நமக்கு எப்படி இருக்கும் என்று ஜொகூரில் இருக்கும் நமக்குச் சொல்லவே வேண்டாம். அந்தச் சம்மதம் எவ்வளவு பெரிசு என்று யோசிச்சுப் பாருங்க.

1963 நவம்பர் 21இல் முதல் ராக்கெட் பறந்தது. ராக்கெட் அமெரிக்காவுடையது, உள்ளே இருந்த கருவி பிரான்சுடையது. நம்முடையது கடற்கரையும் ஆட்களும்தான். உதிரி பாகத்தைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிப் போகும் படத்தை நீங்களும் பார்த்திருப்பீங்க.

ஏழை நாட்டுக்கு எதுக்கு ராக்கெட் என்று அப்போதே கேட்டார்கள். நியாயமான கேள்விதான். நிலாவுக்குப் போகும் போட்டிக்காக இல்லை, கிராமத்துக்குப் பாடமும் வானிலைச் செய்தியும் போய்ச் சேரத்தான் என்பது அவர் நிலை. 1969 ஆகஸ்ட் 15இல் இஸ்ரோ உருவானது. 1971 டிசம்பர் 30 அன்று கோவளத்தில் தூக்கத்திலேயே உயிர் பிரிந்தது. வயசு 52. அவர் திட்டமிட்ட செயற்கைக்கோள் தொலைக்காட்சி 1975இல் சுமார் 2,400 கிராமங்களுக்குப் போனது. இந்தியாவின் சொந்த ராக்கெட் 1980இல்தான் செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் வைத்தது. இரண்டையும் அவர் பார்க்கவில்லை.

அதற்கப்புறம் பல வருஷம் தனியார் கம்பெனிகள் பாகங்கள் செய்து கொடுத்ததோடு சரி. 2020இல்தான் கதவு திறந்தது. அனுமதி வழங்க இன்ஸ்பேஸ் என்ற அமைப்பு வந்தது, அதன் தலைமையகம் சாராபாயின் அகமதாபாத்திலேயே. 2022 நவம்பர் 18இல் ஸ்கைரூட் கம்பெனியின் ராக்கெட் ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து பறந்தது. அதன் பெயரே விக்ரம். 2024 மே 30இல் சென்னைப் பசங்களின் அக்னிகுல். இரண்டுமே இஸ்ரோவின் வளாகத்தில் இருந்து கிளம்பியவை.

அனுமதி, லைசென்ஸ் எல்லாம் தொல்லை என்று நானும் நினைத்தவன்தான். ஆனால் 1972 சர்வதேச ஒப்பந்தப்படி, ஒரு கம்பெனி விட்ட ராக்கெட் இன்னொரு நாட்டில் விழுந்தாலும் நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு அதை ஏவிய நாடு. அப்போ அரசாங்கம் கேள்வி கேட்கத்தானே செய்யும்?

நம்ம மலேசியாவின் ரசாக்சாட் 2009இல் பசிபிக் தீவு ஒன்றில் இருந்து அமெரிக்கக் கம்பெனியின் ராக்கெட்டில்தான் போனது. நமக்கு விண்வெளி வாரியச் சட்டம் 2022இலேயே வந்துவிட்டது. இந்தியாவில் ராக்கெட் முதலில், 2023இல் கொள்கை வந்தபோதும் தனிச் சட்டம் இல்லை. இங்கே தலைகீழ்: சட்டம் இருக்கு, ராக்கெட் இல்லை. தும்பாவைவிட ஜொகூர் பூமத்திய ரேகைக்குக் கிட்டத்தில் இருக்கு என்பதை மெக்கானிக்கல் படிக்கும் தம்பி தங்கைகள் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தேவாலயத்தை இடிக்கவில்லை. விஞ்ஞானிகள் முதலில் அதிலேயே உட்கார்ந்து வேலை பார்த்தார்கள். இப்போது அது விண்வெளி அருங்காட்சியகம்.