வன்றொண்டர் வரலாறு

சமயகுரவர் நால்வருட் சுந்தரமூர்த்தி சுவாமிகளுடைய சரித்திரத்தைப் பாடசாலையிற் கற்பிக்கும் உபாத்தியாயர் பலர், தடுத்தாட்கொண்ட வரலாற்றை விரித்துரைத்து, முதலையுண்ட பாலனை மீட்டதையும் வெள்ளானை மீதேறியதையும் மகிழ்ந்து சொல்லி, இடையிலே திருவொற்றியூரில் நிகழ்ந்ததை இரண்டொரு வாக்கியத்திற் கடந்து போகின்றனர். இளம்பிள்ளைகளுக்கு அது வேண்டாவென்பது அவர் கருத்து. நமது கருத்து அதுவன்று. அப்பகுதியை நீக்கினால் அச்சரித்திரத்தின் உயிர்நிலையே நீங்கிவிடும்.

சுவாமிகள் திருமுனைப்பாடி நாட்டுத் திருநாவலூரிலே ஆதிசைவ மரபிலே சடையனாருக்கும் இசைஞானியாருக்கும் புதல்வராய் அவதரித்தவர். காலம் கி.பி. 8ஆம் நூற்றாண்டென ஆராய்ச்சியாளர் பலர் கொள்வர். பிள்ளைத் திருநாமம் நம்பியாரூரர். அந்நாட்டு மன்னர் நரசிங்கமுனையரையர் குழந்தையின் அழகுகண்டு வேண்டிப்பெற்று வளர்த்தமையால், அந்தணர்க்குரிய கல்வியும் அரசர்க்குரிய செல்வமும் ஒருங்கே அவருக்கு வாய்த்தன. அவர் முன்னே திருக்கைலாயத்தில் ஆலாலசுந்தரராய் இருந்தபோது, கமலினி அநிந்திதை என்னும் சேடியர் இருவரிடத்து மனம் போக்கியதே பூமியிற் பிறத்தற்குக் காரணமாயிற்றென்று சேக்கிழார் முதலிலேயே சொல்லிவிடுகின்றார். குறையை மறைத்துப் புராணம் பாடவேண்டுமென்று அப்பெரியார் எண்ணவில்லை.

புத்தூரிலே மணப்பந்தரில் வழக்குத் தொடுத்த கிழவேதியரை நம்பியாரூரர் பித்தரென்று இகழ்ந்ததும், அவர் காட்டிய ஓலையைப் பறித்துக் கிழித்ததும், திருவெண்ணெய்நல்லூர்ச் சபையிலே மூலவோலை வெளிப்பட அடிமையென்று தீர்ப்புண்டதும் யாவரும் அறிந்தவை. நாம் இங்கே நோக்கவேண்டுவது ஒன்றுண்டு. இகழ்ந்த அச்சொல்லையே முதலாக வைத்துப் பாடும்படி இறைவர் பணித்தார். வன்மை பேசியவருக்கு வன்றொண்டர் என்பதே பெயராயிற்று. அவருடைய குற்றம் தள்ளப்படாமல் தொண்டாகவே மாற்றப்பட்டது.

திருவாரூரிலே அவர் தம்பிரான்றோழராயினார்; பரவையாரை மணந்தார்; அடியார் திருக்கூட்டத்தை வணங்கித் திருத்தொண்டத்தொகை அருளினார். பொன்னும் நெல்லும் வேண்டியபொழுதெல்லாம் தோழரிடம் கேட்பதுபோலவே கேட்டார். திருமுதுகுன்றத்திற் பெற்ற 12,000 பொன்னை மணிமுத்தாற்றில் இட்டு, ஆரூர்க் குளத்தில் எடுத்தார்.

பின்னர்த் திருவொற்றியூருக்கு எழுந்தருளியபொழுது, அங்கே இறைவருக்குத் திருமாலை தொடுத்துவந்த சங்கிலியாரைக் கண்டு காதல் கொண்டார். இறைவரிடமே விண்ணப்பஞ் செய்தார். இறைவரும் சங்கிலியாரின் கனவிற் சென்று சொன்னார். திருவாரூரிலே பரவையார் இருத்தலை அவ்வம்மையார் எடுத்துக்காட்ட, பிரியேனென்று நம்பி சபதஞ் செய்வாரென இறைவர் விடையளித்தார். நம்பிக்கோ பல தலங்களையும் சென்று வழிபடும் வேட்கை. ஆதலால் ஒரு சூழ்ச்சி செய்தார். தாம் சபதஞ் செய்யவரும்போது திருக்கோயிலை விட்டு மகிழமரத்தின்கீழ் இருக்கும்படி இறைவரை வேண்டிக்கொண்டார். இறைவர் இசைந்தார், இசைந்தபின் சங்கிலியாரிடஞ் சென்று, சபதத்தை மகிழின்கீழே கேட்கும்படி கற்பித்துவிட்டார்! மறுநாட் காலையில் நம்பி வேறு வழியின்றி, தாமே எழுந்தருளுவித்த இறைவர் முன்னிலையிலே மகிழை வலம்வந்து சபதஞ் செய்தார்.

வசந்தகாலம் வந்தது. திருவாரூர் விழாவும் பரவையாரும் நினைவுக்கு வர, நம்பி புறப்பட்டார். ஒற்றியூர் எல்லையைக் கடந்த அக்கணமே இரு கண்ணும் ஒளியிழந்தன.

தோழராயிருந்தும் தண்டனை தவறவில்லை என்பதை உபாத்தியாயர்கள் கருதுக. அவர் அதன்பின் நடந்துகொண்ட முறையை அதனினும் மிகுதியாகக் கருதுக. வெட்கத்தால் ஒளித்தாரல்லர், இறைவரை வெறுத்து விலகினாருமல்லர். திருமுல்லைவாயிற் பதிகத்திலே சங்கிலியின் பொருட்டே தம் கண் போயிற்றென்று தாமே வெளிப்படையாகப் பாடியிருக்கின்றார். ஆகவே இது பிற்காலத்தார் கட்டிய கதையென்று சொல்வாருக்கு இடமில்லை. திருவெண்பாக்கத்திலே கோயிலுள் இருக்கின்றீரோவென்று கேட்க, இறைவர் கண்ணைக் கொடாமல் ஊன்றுகோல் ஒன்றையே கொடுத்தார். அதைப் பற்றிக்கொண்டு, வழிகாட்டுவார் காட்ட, காஞ்சிபுரஞ் சேர்ந்தார். ஏகம்பத்திலே இடக்கண் கிடைத்தது. திருத்துருத்தியிலே உடற்பிணி நீங்கிற்று. வலக்கண் திருவாரூரிலேதான் கிடைத்தது. ஒரே தலத்தில் ஒரே நாளில் யாவும் திரும்பவில்லை. நடந்து நடந்து, பாடிப் பாடி, சிறிது சிறிதாகப் பெற்றார். முறையிட்டார், வாதிட்டார், கடிந்துங் கேட்டார். அடிமைத்திறத்தை மாத்திரம் விட்டாரல்லர். சரணாகதியென்பது வாய்மூடியிருத்தலென்று எண்ணுவோர் அவர் பதிகங்களை மறுபடி ஓதுதல் நன்று.

இளமையிலே பாதிரிமார் பாடசாலையிற் கற்ற நாம், இந்நாயனாரைக் குறித்து ஏளனமாகப் பேசிய ஆசிரியர் ஒருவரிடமே தாவீதரசன் பிழைசெய்து அழுது மனந்திரும்பிய வரலாற்றையுங் கற்றோம். அதனை அவர் உள்ளமுருகிக் கற்பித்தார். நாமும் உருகிக் கேட்டோம். அங்கே உருகத்தக்கது இங்கே நகைக்கத்தக்கதாயினது எவ்வாறென்று அந்நாளிற் கேட்க நமக்குத் துணிவில்லை. நம்மவரே இதனைச் சொல்ல நாணும்போது பிறரை நோவதாற் பயன் என்னை?

கண் பெற்ற பின்னும் துன்பம் தீர்ந்தபாடில்லை. பரவையார் ஊடிக் கதவடைத்தார். இறைவர் நள்ளிரவிலே திருவாரூர் வீதியில் இருமுறை தூது நடந்தார். ஆண்டவரை இவ்வேவலுக்கு அனுப்பினாரென்று கேட்டுப் பெருமங்கலத்து ஏயர்கோன் கலிக்காமர் கொண்ட கோபம் நியாயமான கோபமே. சேக்கிழாரும் அவரைப் பழித்திலர். அவருக்குச் சூலைநோய் வர, வன்றொண்டரே அதனைத் தீர்ப்பரென்று இறைவர் உரைத்தார். அவராலே தீர்வதினும் இறத்தல் நன்றென்று கலிக்காமர் வாளால் உடலைக் கிழித்து மாண்டார். வந்து கண்ட நம்பி அதே வாளை எடுத்துத் தாமும் மாய முற்பட, உயிர்பெற்றெழுந்த கலிக்காமர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அன்றுமுதல் இருவரும் நண்பராயினர்.

நமது நாட்டு மாதோட்டத்துத் திருக்கேதீச்சரத்துக்கும் சுவாமிகள் பதிகம் ஒன்று உண்டு. சேரமான்பெருமாளோடு தென்றிசைத் தலங்களை வழிபட்டபோது இராமேச்சரத்திலிருந்து பாடியதென்பர். அவிநாசியிலே முதலைவாய்ப்பட்ட பாலனை மீட்டபின் சேரநாட்டை அடைந்து, திருவஞ்சைக்களத்திலே இவ்வாழ்க்கை போதுமென்று விண்ணப்பஞ் செய்தார். வெள்ளானை வந்தது. சேரமான் தம் குதிரையின் செவியிலே திருவைந்தெழுத்தை ஓதி உடன் சென்றார். பரவையாரும் சங்கிலியாரும் கமலினியும் அநிந்திதையுமாகி மறுபடி அம்மையாரின் தொண்டிலே அமர்ந்தனர். ஆகாயவழியிற் பாடிய கடைசிப் பதிகத்தைச் சுவாமிகள் வருணனிடம் ஒப்பித்தார். அவன் அதனைத் திருவஞ்சைக்களத்திலே சேர்ப்பித்தான்.