ராமன் விளைவுக்குப் பின்னால் ஒரு தமிழர் – விஞ்ஞானி கே. எஸ். கிருஷ்ணன்

ஸ்பெக்ட்ராஸ்கோப்பி பற்றிய எந்த வேதியியல் புத்தகத்தைத் திறந்தாலும் ராமன் விளைவு என்று ஒரு பாடம் இருக்கும். சர் சி. வி. ராமனின் படமும் இருக்கும். ஆனால் அந்த ஆராய்ச்சியில் அவரோடு தோளோடு தோள் நின்று உழைத்த இன்னொரு தமிழரின் பெயர் பல புத்தகங்களில் ஒரு வரிகூட வருவதில்லை. அவர்தான் கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன்.

1898 டிசம்பர் 4ஆம் தேதி, இன்றைய விருதுநகர் மாவட்டத்து வத்திராயிருப்பில் பிறந்தார். அப்பா விவசாயம் பார்த்தவர், நன்கு படித்தவரும்கூட. மகனுக்குத் தமிழ் மீதும் சமஸ்கிருதத்தின் மீதும் பற்று கடைசிவரை இருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் உயர்நிலைப் பள்ளி, மதுரை அமெரிக்கன் கல்லூரி, பிறகு சென்னை கிறிஸ்தவக் கல்லூரி என்று படித்தார். படித்து முடித்ததும் அதே கிறிஸ்தவக் கல்லூரியில் அவருக்குக் கிடைத்த வேலை என்ன தெரியுமா? கெமிஸ்ட்ரி லேபில் டெமான்ஸ்ட்ரேட்டர்! பியூரெட்டை எப்படிப் பிடிக்கணும்னு சொல்லித் தருகிற அதே வேலைதான். மதியச் சாப்பாட்டு நேரத்தில் மாணவர்கள் அவரைச் சுற்றிக் கூடிவிடுவார்களாம். இயற்பியல், வேதியியல், கணக்கு எதில் வேண்டுமானாலும் சந்தேகம் கேட்கலாம். வேறு கல்லூரி மாணவர்களும் வந்து உட்கார்ந்து கேட்டார்கள்.

அறிவுப் பசி அவரைக் கல்கத்தாவுக்கு இழுத்தது. பௌபஜார் தெருவில் இருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில், 1923 முதல் ராமனின் குழுவில் ஆராய்ச்சியாளர் ஆனார். அங்கே பெரிய மெஷின் எதுவும் கிடையாது. சூரிய வெளிச்சம், ஒரு டெலஸ்கோப் லென்ஸ், சில கலர் கண்ணாடிகள், திரவம் நிரப்பிய குடுவைகள், அவ்வளவுதான்! திரவத்தில் துளி தூசி இருந்தாலும் சோதனை கெட்டுப்போகும். அதனால் வெற்றிடத்தில் மெதுவாக, திரும்பத் திரும்பக் காய்ச்சி வடிக்க வேண்டும். இப்படிச் சுத்தம் செய்த சுமார் 60 திரவங்களைச் சோதித்தார்கள்.

சோதனை இதுதான். வெளிச்சம் உள்ளே போகும் வழியில் நீல ஊதாக் கண்ணாடி. பார்க்கிற கண்ணுக்கு முன்னால் பச்சைக் கண்ணாடி. உள்ளே போன நிறமே வெளியே வந்தால் பச்சைக் கண்ணாடி அதைத் தடுத்துவிடும். இருட்டாகத்தான் தெரிய வேண்டும். ஆனால் லேசான ஒளி தெரிந்தது! அப்படியானால் உள்ளே வெளிச்சத்தின் நிறமே மாறியிருக்கிறது. இப்படி மாறுவது ஏறக்குறைய ஒரு கோடியில் ஒரு பங்குதான். ஆனால் அந்த மாற்றத்தை அளந்தால் மூலக்கூறுக்குள் அணுக்கள் எப்படி அதிர்கின்றன என்று சொல்லிவிடலாம்.

1928 பிப்ரவரியில் இருவர் பெயரிலும் நேச்சர் இதழுக்குக் கடிதம் போனது. மார்ச் 31இல் அச்சானது. 1930இல் நோபல் பரிசு ராமனுக்கு மட்டும் கிடைத்தது. இது நியாயமா என்று கேட்கத் தோன்றும். 1921 முதல் அந்தக் கேள்வியைத் துரத்தியவர் ராமன்தான்; அதை மறுக்க முடியாது. நோபல் உரையில் அவர் கிருஷ்ணனின் உதவியைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டார். மறந்துபோனது நம் புத்தகங்கள்தான்.

கிருஷ்ணன் அதையே நினைத்து உட்கார்ந்துவிடவில்லை. 1928 கடைசியில் டாக்கா பல்கலைக்கழகம் போனார். 1933இல் மீண்டும் கல்கத்தா. இப்போது அவர் எடுத்துக்கொண்டது படிகங்களின் காந்தத் தன்மை. மெல்லிய குவார்ட்ஸ் இழையில் சின்னப் படிகத்தைக் கட்டி, காந்தப் புலத்துக்கு நடுவே தொங்கவிடுவார். இழையை மேலிருந்து முறுக்கிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் படிகம் சட்டென்று திரும்பும். அந்தக் கோணத்தை வைத்தே உள்ளே அணுக்கள் அமர்ந்திருக்கும் விதத்தைக் கணக்குப் போட்டார். நம்ம லேபில் இருக்கிற மயில்துத்தத்தையும் இப்படி ஆராய்ந்தார். அந்த நீல உப்பில் செம்பைச் சுற்றி நீரும் ஆக்சிஜனும் நிற்கும் முறையைக் காந்தம் காட்டிக் கொடுத்தது.

இதனால் என்ன லாபம்? வெட்டி வைத்த கத்தரிக்காய் கறுத்துப்போகிறதே, அதைச் செய்யும் நொதியில் இருப்பதும் செம்புதான். புண்ணில் ஹைட்ரஜன் பெராக்சைடு விட்டால் நுரைக்கிறதே, அது இரும்புள்ள கேட்டலேஸ் நொதியின் வேலை. அந்த உலோக அணுவைச் சுற்றி எவை, எப்படி நிற்கின்றன என்பதைப் பொறுத்தே நொதி வேலை செய்யும். கிருஷ்ணன் நொதிகளை ஆராயவில்லை. ஆனால் இன்று அதை அறிய உதவும் ராமன் நிறமாலை, காந்த அளவீடு இரண்டிலும் அவர் உழைப்பு இருக்கிறது.

பெருமைகள் தாமாகத் தேடி வந்தன. 1940இல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர். 1942இல் அலகாபாத்தில் பேராசிரியர். 1946இல் சர் பட்டம். 1947இல் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநர். 1954இல் பத்ம பூஷண். 1958இல் முதன்முதலாக வழங்கப்பட்ட பட்நாகர் விருதும் அவருக்கே! 1961 ஜூன் 14இல் காலமானார்.

நண்பர்களே, கார்த்திகை தீபத்தன்று நம்ம ஊர் மலை உச்சியில் எரியும் ஜோதியை லட்சம் பேர் கும்பிடுகிறார்கள். அந்தக் கொப்பரையைத் தோளில் சுமந்து மேலே ஏற்றியவர்களை எத்தனை பேர் நினைக்கிறார்கள்? டிப்ளமா முடித்து நாம் போகிற இடத்திலும் இப்படித்தான் இருக்கும். மெஷினை ஓட்டுவது, அளவு எடுப்பது நாமாக இருப்போம். ரிப்போர்ட்டில் கையெழுத்து வேறு ஒருவருடையதாக இருக்கலாம். அதற்காக அளவு தப்பாகிவிடக் கூடாது. அதே சமயம் உழைத்தவன் பெயர் விட்டுப்போகவும் கூடாது. முதலில் நாம் ஆரம்பிப்போம். புத்தகத்தில் ராமன் விளைவு என்று வரும் இடத்தில், பக்கத்தில் பென்சிலால் கிருஷ்ணன் என்றும் எழுதி வைப்போம்.