பாதி விலைக்கு பூட்ஸ் விற்ற பாட்டா

கடைத்தெருவில் "பாட்டா" என்ற பெயர்ப் பலகையைப் பார்க்காதவர்கள் குறைவு. அது நம் நாட்டுப் பெயர் என்றே பலர் நினைக்கிறார்கள். அது ஒரு மனிதரின் பெயர். செருப்புத் தைக்கும் குடும்பத்தில் பிறந்து, உலகம் முழுவதும் பூட்ஸ் விற்ற தாமஸ் பாட்டாவின் பெயர்.

தாமஸ் பாட்டா 1876-ம் ஆண்டு ஏப்ரல் 3-ந் தேதி ஸ்லீன் என்ற ஊரில் பிறந்தார். அந்த ஊர் இப்போது செக் நாட்டில் இருக்கிறது. அப்போது ஆஸ்திரியா-ஹங்கேரி சாம்ராஜ்யத்தில் இருந்தது. தலைமுறை தலைமுறையாகச் செருப்புத் தைப்பதே அவர் குடும்பத்தின் தொழில். தாமசும் சின்னப் பையனாக இருந்தபோதே அந்த வேலையைக் கற்றுக்கொண்டார்.

கடன் தொல்லை

1894-ல் அண்ணன் அந்தோனின், சகோதரி அன்னா ஆகியோருடன் சேர்ந்து சொந்தத் தொழில் தொடங்கினார். தாயார் விட்டுச் சென்ற சிறு தொகைதான் முதல்.

ஒரே வருடத்தில் கடன் கழுத்தை நெரித்தது. அண்ணனைப் பட்டாளத்துக்கு அழைத்துக்கொண்டார்கள். தோல் வாங்கப் பணம் இல்லை. தாமஸ் மனம் தளரவில்லை. தோலுக்குப் பதிலாகக் கித்தான் துணியில் பூட்ஸ் தைத்தார். அது எடை குறைவு. விலையும் குறைவு. தோல் பூட்ஸ் வாங்க வசதி இல்லாதவர்கள் அதை விரும்பி வாங்கினார்கள். கடன் அடைந்தது.

முதலாளி கூலியானார்

அமெரிக்காவில் இயந்திரத்தால் பூட்ஸ் செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டார். 1904-ல் தம் தொழிலாளர் மூவருடன் அங்கே போனார். பூட்ஸ் தொழிலுக்குப் பேர்போன லின் நகரில், ஒரு தொழிற்சாலையில் சாதாரணக் கூலியாகச் சேர்ந்தார். தொழில் நுணுக்கங்களைக் கற்றுக்கொண்டு ஊர் திரும்பினார்.

1914-ல் முதல் உலகப் போர் மூண்டது. தொழிலாளர்கள் எல்லோரும் போர்முனைக்குப் போய்விட்டால் தொழிற்சாலையை மூட வேண்டியதுதான். பாட்டா தலைநகரான வியன்னாவுக்கு ஓடினார். ராணுவத்துக்கு 50,000 ஜோடி பூட்ஸ் செய்து தரும் வேலையை வாங்கி வந்தார். தொழிற்சாலை பிழைத்தது.

சோதனை

போர் முடிந்தது. சாம்ராஜ்யம் உடைந்து செக்கோஸ்லோவாக்கியா என்ற புது நாடு பிறந்தது. அந்நாட்டு நாணயத்தின் மதிப்பு ஏறியதால், அங்கே செய்த சரக்கை வெளிநாட்டார் வாங்கவில்லை. உள்நாட்டு மக்கள் கையிலோ பணம் இல்லை. கிடங்கு நிறையப் பூட்ஸ். ஊர் நிறையக் கிழிந்த பூட்ஸ்.

மற்ற முதலாளிகள் ஆட்களைக் குறைத்தார்கள். பாட்டா விலையைக் குறைத்தார். 1922 செப்டம்பரில் பூட்ஸ் விலையைச் சரிபாதியாக்கினார். கூலியையும் 100-க்கு 40 வீதம் குறைத்தார். அதற்கு ஈடாகத் தொழிலாளர்களுக்கு உணவுப் பொருள்களையும் துணிகளையும் பாதி விலைக்குக் கொடுத்தார்.

தவறியிருந்தால் எல்லோரும் தெருவில் நின்றிருப்பார்கள். ஆனால் மக்கள் கடைகளுக்குத் திரண்டு வந்தார்கள். கிடங்குகள் காலியாயின. பிறகு, லாபத்தில் தொழிலாளர்களுக்கும் பங்கு கிடைத்தது. ஆயினும் பாட்டா மிகவும் கண்டிப்பானவர். தொழிற்சங்கம் அவருக்குப் பிடிக்காது. அதனால் அவரைக் குறை சொன்னவர்களும் உண்டு.

1923-ல் அவர் ஸ்லீன் நகரின் மேயர் ஆனார். தொழிலாளர்களுக்கு வீடுகள் எழும்பின. பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் வந்தன.

காலுக்கு ஏற்ற பூட்ஸ்

பூட்சை விற்றதோடு வேலை முடிந்தது என்று பாட்டா கடைகள் இருக்கவில்லை. அங்கே பழுது பார்த்தும் கொடுத்தார்கள். பாதத்தைச் சுத்தம் செய்து கவனிக்கவும் ஆட்கள் இருந்தார்கள். பூட்ஸ் காலுக்காகத்தான், பூட்சுக்காகக் கால் இல்லை.

நடப்பதற்குப் பூட்ஸ் வாங்குகிறவர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும். மாலையில் கால் சற்று வீங்கியிருக்கும். அந்த நேரத்தில் வாங்குவது நல்லது. பலருக்கு இரண்டு கால்களும் ஒரே அளவாக இருப்பதில்லை. பெரிய காலுக்கு ஏற்றதையே எடுக்க வேண்டும். எழுந்து நின்றால், விரல்களுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். குதிகால் நழுவக் கூடாது. கடைக்குள்ளேயே நாலு தடவை நடந்து பார்க்க வேண்டும். போகப் போகச் சரியாகிவிடும் என்று இறுக்கமான பூட்சை வாங்கினால், பணமும் போய்க் காலும் புண்ணாகும்.

கடைசிப் பயணம்

1931-ம் ஆண்டின் இறுதியில் பாட்டா விமானம் ஏறிக் கீழ்த்திசை நாடுகளுக்கு வந்தார். இந்தியாவையும் பார்த்தார். கோடிக்கணக்கான மக்கள் வெறுங்காலோடு நடந்த காலம் அது.

1932 ஜூலை 12-ந் தேதி காலை சுவிட்சர்லாந்துக்குப் புறப்பட்டார். கடும் மூடுபனி. விமானம் கிளம்பிய சிறிது நேரத்தில் விழுந்து நொறுங்கியது. பாட்டாவும் விமானியும் இறந்தார்கள். பாட்டாவுக்கு வயது 56.

தொழிலை அவர் தம்பி யான் அந்தோனின் ஏற்று நடத்தினார். 1934-ல் கல்கத்தாவுக்கு அருகே, ஹூக்ளி நதிக் கரையில் ஒரு தொழிற்சாலைக்கு அஸ்திவாரம் போடப்பட்டது. அதைச் சுற்றி ஓர் ஊரே எழுந்தது. அந்த ஊரின் பெயர் பாட்டாநகர். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளுக்கும், வேலைக்கு நடந்து போகும் பெரியவர்களுக்கும் அங்கிருந்து பூட்ஸ் வந்தது. அவர்களில் பலருக்கு அதுதான் முதல் ஜோடி.