ஜெயிக்காத கார், 40 கோடி ரூபாய் ஏலம்: பென்ட்லிக்கு சூப்பர்சார்ஜர் மாட்டிய டிம் பிர்கின் யார்?

அறுபதுகளில் வந்த மஸ்டாங்கின் பாடியை அப்படியே வைத்துக்கொண்டு, உள்ளே சூப்பர்சார்ஜர் பொருத்திய புது வி8 இன்ஜினை இறக்கும் வீடியோக்கள் யூடியூபில் கொட்டிக் கிடக்கின்றன. ‘ரெஸ்டோமாட்’ என்று இதற்குப் பெயர். இன்ஜினை மாற்றியதோடு வேலை முடியாது என்பதை அந்த வீடியோக்களைப் பார்ப்பவர்கள் கவனித்திருப்பார்கள். பிரேக், கியர்பாக்ஸ், ரேடியேட்டர் என ஒவ்வொன்றாக மாற்ற வேண்டிவரும். கிட்டத்தட்ட 100 வருடத்துக்கு முன்பே ஒருவர் இந்த வேலையில் இறங்கி, கையில் இருந்த காசையெல்லாம் கரைத்தார். அவர்தான் சர் ஹென்றி பிர்கின். ரேஸ் உலகத்துக்கு ‘டிம்’.

1896-ல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில், லேஸ் துணி வியாபாரத்தில் கொழித்த குடும்பத்தில் பிறந்தவர். முதல் உலகப் போரில் விமானப் படையில் சேர்ந்து பாலஸ்தீனத்துக்குப் போனார். அங்கே பிடித்த மலேரியா கடைசிவரை அவரை விடவில்லை. 1921-ல் ரேஸ் ஓட்டத் தொடங்கியவர், குடும்பத் தொழிலுக்காகச் சில வருடம் ஒதுங்கினார். 1927-ல் திரும்பி வந்தார். அதே வருடம் அவருடைய தம்பி ஆர்ச்சி, ஐல் ஆஃப் மேன் பைக் ரேஸுக்கான பயிற்சியில் விபத்தில் இறந்தார். டிம் ரேஸை விடவில்லை. ஆள் குள்ளம், பேச்சு திக்கும், கழுத்தில் எப்போதும் புள்ளி போட்ட ஸ்கார்ஃப். ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டால் பயம் என்பதே தெரியாது.

அவர் ஓட்டியது பென்ட்லி 4½ லிட்டர். நல்ல கார்தான். ஆனால் 1928-ல் நூர்பர்க்ரிங்கில் நடந்த ஜெர்மன் கிராண்ட் பிரியில் சூப்பர்சார்ஜர் வைத்த மெர்சிடிஸ் கார்கள் எட்டாத தூரத்தில் பறந்தன. இந்தக் காருக்கும் ஒரு சூப்பர்சார்ஜர் வேண்டும் என்று பிர்கின் முடிவெடுத்தார்.

சரி, சூப்பர்சார்ஜர்னா என்ன?

இன்ஜின் ஒரு சுற்றில் எவ்வளவு காற்றை உறிஞ்ச முடியுமோ, அவ்வளவு பெட்ரோலைத்தான் எரிக்க முடியும். சூப்பர்சார்ஜர் என்பது இன்ஜினின் சுழற்சியிலேயே ஓடும் ஒரு காற்று பம்ப். காற்றை அழுத்தி சிலிண்டருக்குள் திணிக்கும். கூடுதல் காற்று, கூடுதல் பெட்ரோல், கூடுதல் பவர். ஆனால் இலவசம் எதுவும் இல்லை. சூடு ஏறும், பிஸ்டனும் கனெக்டிங் ராடும் அதிக அடி வாங்கும், எரிபொருள் தண்ணீராகச் செலவாகும். பம்பைச் சுற்றவே இன்ஜின் கொஞ்சம் சக்தியைக் கொடுத்தாக வேண்டும்.

காரை உருவாக்கிய டபிள்யூ.ஓ. பென்ட்லி இந்த யோசனையை ஒரேயடியாக எதிர்த்தார். பவர் வேண்டுமென்றால் இன்ஜினைப் பெரிதாக்கு என்பது அவர் வழி. அதன்படி வந்ததுதான் 6½ லிட்டர் ‘ஸ்பீட் சிக்ஸ்’. சிறிய இன்ஜினில் காற்றைத் திணிப்பது அதன் வடிவமைப்பையே கெடுப்பதாக அவர் நினைத்தார்.

ஆனால் கம்பெனியில் பணம் போட்டிருந்தவர் வூல்ஃப் பர்னாட்டோ. வைரச் சுரங்கக் குடும்பத்து வாரிசு, சேர்மன், அவரும் ரேஸ் ஓட்டுநர். லே மான்ஸ் விதிப்படி 50 கார்களாவது தயாரித்து விற்றால்தான் அந்த மாடல் ரேஸில் இறங்க முடியும். அந்த 50-க்கு பர்னாட்டோ ஒப்புதல் கொடுத்தார். இன்ஜினியர் ஆம்ஹர்ஸ்ட் வில்லியர்ஸ் சூப்பர்சார்ஜரை வடிவமைத்தார். ரேஸ் கார்களை பிர்கின் வெல்வின் ஊரில் தன் சொந்தப் பட்டறையில் கட்டினார். காசு தீர்ந்தபோது டோரதி பேஜட் என்ற கோடீஸ்வரப் பெண் செலவை ஏற்றார்.

மூக்குக்கு வெளியே ஒரு இரும்பு மூட்டை

கார் வினோதமாக இருந்தது. சூப்பர்சார்ஜர் பானெட்டுக்குள் இல்லை. ரேடியேட்டருக்கு முன்னால் துருத்திக்கொண்டு நின்றது, கிராங்க் ஷாஃப்டோடு நேரடி இணைப்பு. சாதா 4½ லிட்டர் 110 குதிரைசக்தி, ரேஸ் ‘ப்ளோயர்’ 240. கிராங்க் ஷாஃப்ட், ராடு, பிஸ்டன் எல்லாவற்றையும் பலப்படுத்த வேண்டியிருந்தது. முன்பக்கம் கனம் கூடியதால், வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் கார் நேராகப் போகவே பார்த்தது.

1929-ல் லே மான்ஸை பர்னாட்டோவோடு சேர்ந்து பிர்கின் ஜெயித்தார். ஆனால் ஓட்டியது ப்ளோயர் அல்ல, பென்ட்லியின் ஸ்பீட் சிக்ஸ்!

1930 லே மான்ஸ்தான் இந்தக் கதையின் உச்சம். எதிரே ருடால்ஃப் கராச்சியோலாவின் 7 லிட்டர் மெர்சிடிஸ். அதன் சூப்பர்சார்ஜர் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தால் மட்டும் வேலை செய்யும். பென்ட்லியில் எப்போதும் ஓடும். கிட்டத்தட்ட 200 கிமீ வேகத்தில், இரண்டு சக்கரம் புல்தரையில் உருள, பிர்கின் அந்த மெர்சிடிஸை ஓவர்டேக் செய்தார். டயரின் மேல்பகுதி பிய்ந்துபோயும் வேகம் குறைக்கவில்லை. இரவில் மெர்சிடிஸ் நின்றுபோனது. ப்ளோயர்களும் இன்ஜின் உடைந்து வெளியேறின. முதல் இரண்டு இடம் யாருக்கு? டபிள்யூ.ஓ.வின் ஸ்பீட் சிக்ஸ்களுக்கு. மெர்சிடிஸைச் சோர்வடைய வைக்க பிர்கின் தன் காரைப் பலி கொடுத்தார் என்று பலர் சொல்வார்கள். திட்டம்தானா, இல்லை அவர் சுபாவமே அப்படியா? அவரைத் தெரிந்துகொண்டால் இரண்டாவதுதான் நம்பும்படி இருக்கிறது.

அதே செப்டம்பரில் பிரான்சின் பாவ் நகரில், குட்டி புகாட்டிகளுக்கு நடுவே இரண்டு டன் காரை ஓட்டி இரண்டாவது வந்தார். ப்ளோயரின் சிறந்த ரேஸ் முடிவு இதுதான். பெரிய பந்தயம் ஒன்றைக்கூட அது ஜெயிக்கவில்லை. அந்த ஆண்டு கடைசியில் பேஜட் ரேஸ் டீமைக் கைவிட்டார். 1931-ல் பென்ட்லி கம்பெனியே திவாலாகி ரோல்ஸ் ராய்ஸ் கைக்குப் போனது. அந்த வருட லே மான்ஸை பிர்கின் இத்தாலியின் ஆல்ஃபா ரோமியோவில் ஜெயித்தார்.

ப்ளோயருக்கு ஒரே ஒரு வெற்றிக் கணக்கு உண்டு. பேஜட் தன்னிடமே வைத்துக்கொண்ட ஒற்றை சீட்டு ப்ளோயரில், 1932-ல் புரூக்லாண்ட்ஸ் ட்ராக்கில் மணிக்கு சுமார் 222 கிமீ வேகத்தில் பிர்கின் சுற்றினார். அந்த லேப் சாதனை இரண்டு வருடம் நின்றது.

1933 மே மாதம் திரிபோலி கிராண்ட் பிரி. மாசெராட்டி ஓட்டி மூன்றாவது வந்தார். பிட்டில் நின்றபோது சூடான எக்ஸாஸ்ட் குழாயில் கை பட்டுப் புண்ணானது. பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஜூன் 22-ல் லண்டனில் இறந்தார், வயது 36. புண் சீழ் பிடித்து ரத்தத்தில் விஷம் ஏறியது காரணமா, பழைய மலேரியாவா என்பதில் இன்றும் இரண்டு கருத்து உண்டு.

இருபது வருடம் கழித்து, ஜேம்ஸ் பாண்டுக்கு முதல் நாவலில் இயான் ஃபிளெமிங் கொடுத்தது இதே சூப்பர்சார்ஜ்டு 4½ லிட்டர் பென்ட்லிதான். 2012-ல் அந்த ஒற்றை சீட்டு கார் ஏலத்தில் சுமார் 50 லட்சம் பவுண்டுக்குப் போனது, அன்றைய மதிப்பில் 40 கோடி ரூபாய்க்கு மேல்.

2019-ல் பென்ட்லி நிறுவனம் இன்னொரு வேலையில் இறங்கியது. பிர்கின் டீமின் 2-ம் நம்பர் காரைக் கழற்றி, பாகங்களை லேசரால் ஸ்கேன் செய்து, அதே அளவில் 12 புது ப்ளோயர்களைக் கட்டுவதாக அறிவித்தது. உள்ளே நவீன இன்ஜின் இல்லை. அதே 4½ லிட்டர் நான்கு சிலிண்டர், ரேடியேட்டருக்கு முன்னால் அதே வில்லியர்ஸ் சூப்பர்சார்ஜர். வேண்டவே வேண்டாம் என்று டபிள்யூ.ஓ. சொன்ன அதே இடத்தில், அவர் பெயர் போட்ட கம்பெனியே அதை மாட்டியது.