முப்புரிக் கயிறு கண்ட ஜி.என்.ராமச்சந்திரன்

ஆம்பூர்ப் பக்கம் டேனரியில் குரோம் போட்ட தோல் டிரம்மை விட்டு வந்ததும், ஓரத்தில் ஒரு துண்டு வெட்டிக் கொதிக்கிற தண்ணியில் போட்டுப் பார்ப்பார்கள். சுருங்காவிட்டால் தோல் பதமாகிவிட்டது என்று அர்த்தம். எங்க அப்பா இருபது வருஷமாக இதைச் செய்கிறார். ஏன் சுருங்கலேன்னு கேட்டால், மருந்து ஏறிடுச்சு என்பார், அவ்வளவுதான்.

எனக்கும் தெரியாது. முதல் செமஸ்டரில் கெமிஸ்ட்ரி அரியர் வைத்தவன் நான். அந்த அரியருக்காக லைப்ரரியில் உட்கார்ந்தபோதுதான் ஜி.என்.ஆர். பற்றிப் படித்தேன்.

1922 அக்டோபர் 8-ல் எர்ணாகுளத்தில் பிறந்தவர். பெங்களூரில் சர் சி.வி.ராமனின் மாணவர். பிறகு கேம்பிரிட்ஜ். 1952-ல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைத் தலைவர், வயசு முப்பதுதான்!

சென்னைக்கு வந்த பெர்னால் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி, கொலாஜனின் அமைப்பு இன்னும் சரியாகப் பிடிபடவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். ஜி.என்.ஆர். அதைப் பிடித்துக்கொண்டார். கொலாஜன் வேறொன்றுமில்லை நண்பர்களே, தோலைச் சுண்ணாம்பில் போட்டு, முடி கழித்து, சதை சீவியபின் மிஞ்சுவது பெரும்பாலும் அதுதான். மத்திய தோல் ஆராய்ச்சி நிலையமும் அடையாறில், பக்கத்திலேயே இருந்தது. கங்காரு வாலின் தசைநாரைக்கூட எக்ஸ்ரே படமெடுத்தார்கள்.

1954-லும் 1955-லும் அவரும் கோபிநாத் கர்த்தாவும் நேச்சர் இதழில் விடை சொன்னார்கள்: ஒன்றோடொன்று முறுக்கிய மூன்று சங்கிலி. ஒவ்வொரு சங்கிலிக்குள்ளும் அணுக்களைப் பிடித்திருப்பது சகப்பிணைப்பு. எலக்ட்ரானைப் பங்கு போட்டுக்கொள்வதால் லேசில் அறாது. மூன்றையும் சேர்த்துப் பிடிப்பது ஹைட்ரஜன் பிணைப்பு, நோஞ்சான். பச்சைத் தோலை 65 டிகிரி சூட்டில் போட்டால் அந்தப் பிடி விட்டு, முறுக்கு அவிழ்ந்து, தோல் சுருங்கிப்போகும். குரோமியம் உள்ளே போய், கொலாஜனின் கார்பாக்சில் தொகுதிகளோடு ஈதல் சகப்பிணைப்பு போட்டு இழைகளைக் கட்டிவிடுகிறது. அப்பா சொன்ன மருந்து இதுதான்! தோல் கெடாமலிருக்கத் தடவுகிற உப்போ அயனிப் பிணைப்பு. தண்ணியில் சோடியம் வேறு, குளோரைடு வேறாகப் பிரிந்து, ஊறவைக்கும்போதே கழுவிப் போய்விடும். அந்தத் தண்ணி பாலாற்றை என்ன பண்ணியது என்பது தனி வயிற்றெரிச்சல்.

டி.என்.ஏ. புகழ் கிரிக்கும், ரிச் என்பவரும் ஜி.என்.ஆர். மாதிரியில் குற்றம் கண்டார்கள். அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்குகின்றன, மூன்று அலகுக்கு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்பு வராது, ஒன்றுதான் என்றார்கள். அந்தக் கணக்கில் அவர்கள் சொன்னதே நின்றது. மூன்று இழை என்பது மாறவில்லை. மனுஷன் சோர்ந்து உட்காரவில்லை. அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்றே கணக்குப் போட்டார். ராமகிருஷ்ணன், சசிசேகரன் இருவரோடும் 1963-ல் வெளியிட்ட ராமச்சந்திரன் வரைபடம், புரத ஆராய்ச்சி நடக்கிற இடமெல்லாம் இன்றைக்கும் புழங்குகிறது. என்னைக் கேட்டால் அரியர் எழுதிப் பாஸானவர் மாதிரிதான் அவரும்! நோபல் கிடைக்கவில்லை. 2001 ஏப்ரல் 7-ல் சென்னையில் காலமானார்.

நோட்டுப் பின்னட்டையில் மூன்று இழை வரைந்து அப்பாவிடம் காட்டினேன். ஜடை மாதிரி இருக்கே என்றார். கொஞ்ச நேரம் கழித்து, அப்ப ஆவாரம்பட்டையில் பதம்பண்ண தோல் மட்டும் கொதிதண்ணியில ஏண்டா சுருங்குது என்று கேட்டார். பட்டையின் டானின் பெரும்பாலும் ஹைட்ரஜன் பிணைப்பால்தான் பிடிக்குது, கொதி தாங்காதுப்பா என்றேன்.