தாமஸ் சால்மர்ஸ்

தாமஸ் சால்மர்ஸ் (மார்ச் 17, 1780 – மே 31, 1847) ஸ்காட்லாந்தைச் சேர்ந்த கிறித்தவப் போதகரும் இறையியலாளரும் பொருளியல் எழுத்தாளரும் ஆவார். ஏழைகளைப் பேணுவதற்கு வரி தேவையில்லை, திருச்சபையின் காணிக்கையே போதும் என்று வாதிட்டவர். அதனைக் கிளாஸ்கோ நகரின் ஏழ்மையான பகுதி ஒன்றில் செய்தும் பார்த்தார்.

இளமை

ஃபைஃப் பகுதியிலுள்ள ஆன்ஸ்ட்ரதர் என்னும் கடற்கரை ஊரில், வணிகர் ஒருவரின் பதினான்கு பிள்ளைகளுள் ஆறாவதாகப் பிறந்தார். பதினோராம் அகவையில் செயிண்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். கணிதத்திலேயே இவருக்கு நாட்டம் மிகுதி. 1803இல் கில்மெனி என்ற சிற்றூரின் போதகரான பின்னரும் கணிதம் கற்பிப்பதை விடவில்லை. 1809இல் கண்ட கடும் நோய்க்குப் பின்னரே இவர் முழு மனத்துடன் இறைப்பணியில் ஈடுபட்டார். 1815இல் கிளாஸ்கோவின் டிரான் தேவாலயத்துக்கு அழைக்கப்பட்டார். வானியலையும் சமய நம்பிக்கையையும் இணைத்து அங்கு இவர் ஆற்றிய சொற்பொழிவுகள் 1817இல் நூலாகி மிகுதியாக விற்பனையாயின.

செயிண்ட் ஜான்ஸ் சேகரம்

அக்கால ஸ்காட்லாந்தின் சிற்றூர்களில், தேவாலய வாயிலில் சேரும் காணிக்கையிலிருந்து மூப்பர்கள் ஏழைகளுக்கு உதவி வந்தனர். ஆலைகள் பெருகிய நகரங்களில் இம்முறை தளர்ந்து, ஏழைகளுக்கென வரி விதிக்கப்பட்டது. வரிப்பணம் உறவினரின் கடமையுணர்வையும் ஏழையின் தன்மானத்தையும் கெடுக்கும் என்று சால்மர்ஸ் கருதினார்.

1819இல் இவருக்கென நகராட்சி செயிண்ட் ஜான்ஸ் என்ற புதிய சேகரத்தை ஏற்படுத்தியது. ஏறத்தாழ 10,000 மக்கள் வாழ்ந்த அச்சேகரத்தில் பெரும்பாலோர் நெசவாளரும் ஆலைத் தொழிலாளருமே. அதனை 25 பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றையும் ஒரு டீக்கனிடம் ஒப்படைத்தார். உதவி கேட்பவரின் வீட்டுக்கு டீக்கன் நேரில் செல்வார். அவரால் உழைக்க இயலுமா, உறவினர் தாங்குவார்களா, அண்டை வீட்டார் கைகொடுப்பார்களா என்று ஒவ்வொன்றாக ஆராய்வார். எதுவும் இல்லையெனில் மட்டுமே காணிக்கைப் பணம் வழங்கப்படும். சேகரத்து ஏழை மக்கள் மாலை வழிபாட்டில் இட்ட சிறு காசுகளே புதிய விண்ணப்பங்களுக்குப் பயன்பட்டன. குறைந்த கட்டணப் பள்ளிகளும் திறக்கப்பட்டன.

ஆண்டுக்கு 1,400 பவுண்டாக இருந்த ஏழையர் செலவு 280 பவுண்டாகக் குறைந்தது என்று கூறப்பட்டது. 1823இல் சால்மர்ஸ் பேராசிரியராகச் செயிண்ட் ஆண்ட்ரூஸ் சென்ற பின்னும் இம்முறை 1837 வரை நீடித்தது.

விமர்சனங்கள்

செலவு குறைந்ததையே வெற்றியாகக் கொள்ளலாமா என்பதுதான் சிக்கல். எவ்வளவு கொடுக்கப்பட்டது என்பதையே கணக்கு காட்டுகிறது. கொடுக்கப்படாதவர் எவ்வாறு பிழைத்தார் என்பதை அது காட்டாது. மேலும், சால்மர்ஸைப் போன்ற ஒருவரும், ஓய்வும் வசதியும் கொண்ட டீக்கன்களும் எல்லாச் சேகரங்களுக்கும் வாய்ப்பதில்லை.

இவருடைய முதன்மையான எதிர்ப்பாளர் எடின்பரோ மருத்துவர் வில்லியம் பல்ட்னி அலிசன். வறுமையே காய்ச்சல் பரவக் காரணம், எனவே சட்டப்படியான உதவி வேண்டும் என்பது அவர் வாதம். 1840இல் கிளாஸ்கோவில் நடந்த பிரித்தானிய அறிவியல் சங்கக் கூட்டத்தில் இருவரும் நேருக்கு நேர் விவாதித்தனர். 1845ஆம் ஆண்டின் ஸ்காட்லாந்து ஏழையர் சட்டம் அலிசனின் பக்கமே சாய்ந்தது.

பிற்காலம்

சால்மர்ஸ் 1828 முதல் எடின்பரோவில் இறையியல் பேராசிரியராக இருந்தார். போதகர்களை அமர்த்தும் உரிமை நிலக்கிழார்களிடம் இருந்ததை எதிர்த்து, 1843 மே மாதம் 450க்கும் மேற்பட்ட போதகர்கள் அரசுத் திருச்சபையை விட்டு வெளியேறினர். அவர்கள் அமைத்த சுதந்திரத் திருச்சபையின் முதல் தலைவர் இவரே. ஊதியமும் வீடும் இழந்த அப்போதகர்களைத் தாங்க, மக்கள் வாரம் ஒரு பென்னி வீதம் தரும் பொது நிதியைத் திட்டமிட்டிருந்தார். ஏழையர் நிதியில் ஐயத்துக்குரியதாக இருந்த சிறு காணிக்கை முறை இங்கு நன்றாகவே பயன்பட்டது.

1844இல் எடின்பரோவின் வெஸ்ட் போர்ட் சேரியில் மீண்டும் பணியைத் தொடங்கினார். பர்க், ஹேர் ஆகியோரின் கொலைகளால் பெயர் கெட்டிருந்த பகுதி அது. தோல் பதனிடும் கூடத்தின் மாடியில் பள்ளி தொடங்கியது. 1847 பெப்ரவரியில் தேவாலயமும் திறக்கப்பட்டது.

இவருடைய மாணவர்களுள் அலெக்சாண்டர் டஃப் கல்கத்தாவில் கல்விப்பணி ஆற்றினார். மற்றொருவரான ஜான் ஆண்டர்சன் 1837இல் சென்னையில் தொடங்கிய பள்ளியே பின்னர் சென்னைக் கிறித்தவக் கல்லூரியாக வளர்ந்தது.

1847 மே 31 காலையில் சால்மர்ஸ் தம் படுக்கையில் இறந்து கிடக்கக் காணப்பட்டார். எடின்பரோவின் கிரேஞ்ச் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.