சிவப்பிரகாசம் பிள்ளை

சிவப்பிரகாசம் பிள்ளை (இறப்பு: 1948) ரமண மகரிசியின் தொடக்ககால அடியவர்களுள் ஒருவர். நான் யார்? என்னும் நூலுக்கு அடிப்படையான வினாக்களைக் கேட்டவர் என்ற வகையில் அறியப்படுகிறார்.

வாழ்க்கைக் குறிப்பு

மெய்யியலில் பட்டம் பெற்ற பிள்ளை, தென்னாற்காடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் வருவாய்த் துறையில் பணியாற்றினார். திருவண்ணாமலை அக்காலத்தில் அம்மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. (1989இல் உருவான திருவண்ணாமலை மாவட்டத்தின் ஆட்சியர் அலுவலகம் வேங்கிக்காலில் உள்ளது.) 1902ஆம் ஆண்டளவில் அலுவல் காரணமாகத் திருவண்ணாமலை வந்தபோது, விரூபாட்ச குகையில் ரமணரைக் கண்டார். ரமணர் அப்போது பேசுவதில்லை. அது நோன்பு அன்று, பேசும் நாட்டம் இல்லாமையே காரணம். பிள்ளையின் வினாக்களுக்கு அவர் எழுதியே விடையளித்தார்.

1910இல் பிள்ளை பணியைத் துறந்தார். 1913இல் மனைவி இறந்தார். மறுமணம் செய்துகொள்வதா என்ற குழப்பத்தில், நான்கு வினாக்களைத் தாளில் எழுதிப் பிள்ளையார் முன் வைத்தார். விடை கிடைக்காததால் திருவண்ணாமலை சென்றார். ரமணரிடம் அவ்வினாக்களை அவர் நேரில் கேட்கவில்லை. பிறரிடம் ரமணர் கூறியவற்றிலிருந்தே தெளிவு பெற்றார். பின்னர் அவர் மணம் செய்துகொள்ளவில்லை.

நூலின் வடிவங்கள்

பிள்ளையின் குறிப்பில் இருந்தவை 14 வினாக்கள். 1923இல் தாம் இயற்றிய பாடல்களுடன் சேர்த்து அவர் இதனை வெளியிட்டார். பிந்தைய பதிப்புகள் சிலவற்றில் 28 வினாக்களும், சிலவற்றில் 30 வினாக்களும் உள்ளன. வினாக்களை நீக்கிக் கட்டுரையாக அமைந்த வடிவமும் உண்டு. ஆங்கிலத்தில் இக்கட்டுரை வடிவம் முன்னரே வெளிவந்திருந்தது. 28 வினாக்கள் கொண்ட வடிவத்தை டி. எம். பி. மகாதேவன் மொழிபெயர்த்தார்.

தலைப்பு

தமிழ்த் தலைப்பு வினைச்சொல் இல்லாத இரு சொற்களால் ஆனது. தமிழில் இது குறைத்தொடர் அன்று. பெயர்ப் பயனிலை கொண்ட முழுமையான வினாவாகும். ஆங்கிலத்தில் இணைப்பு வினை இன்றியமையாதது; வினாச்சொல் முதலிலும் எழுவாய் இறுதியிலும் வரும். எனவே ஆங்கிலத் தலைப்பு ‘ஹூ ஆம் ஐ?’ என மூன்று சொற்களாக அமைந்தது. ஆங்கிலத்தில் ‘வாட் நெக்ஸ்ட்?’, ‘வை மீ?’ போன்ற சுருங்கிய வினாக்கள் இயல்பாக வழங்கினும், ‘ஹூ ஐ?’ என்பது வழக்கில் இல்லை. தமிழிலாயினும் ஆங்கிலத்திலாயினும், இவ்வினா செபம்போல் உருவிடுவதற்கு உரியதன்று, உள்நோக்கி ஆராய்வதற்கு உரியது என்பதே ரமணரின் கருத்தாகும்.